அப்பா எழுதிய வெள்ளம்

அத்தியாயம் 14

போன வாரம் பெரியவளை ஒரு குளத்தின் கரையில் விட்டுவிட்டு வந்தோம். அந்தக் குளம் ஊரில் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. வெட்டியவளும் அவள்தான்.

'குளத்துக்கும் குடும்பக் கதைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டு இரண்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இன்றைக்குத் தெரிந்துவிடும். தெரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றும்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஆற்று அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், ரெக்கார்டு ரூமில், பதினெட்டு வருஷம் பழைய நோட்டுகளைத் தூசி தட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள். போன வருஷம்தான் மேல் மாடிக்கு ஏறினாள். ஆற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிற வேலையைப் படிக்க. கூடப் படித்தவர்கள் எல்லாம் அவளுடைய பாதி வயசு. அவர்கள் டீ குடிக்கப் போகிற நேரத்திலும் இவள் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

வேலை இதுதான். ஆற்றை இருநூற்றுப் பன்னிரண்டு துண்டாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் அகலம், ஆழம், சரிவு, கரையில் மணலா புதரா என்று எல்லாவற்றையும் ஊட்ட வேண்டும். மழை எவ்வளவு, மேலே அணையை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று சொன்னால், கம்ப்யூட்டர் அந்தத் தண்ணீரைத் துண்டு துண்டாகக் கீழே தள்ளிக்கொண்டு வந்து, பாலத்தடியில் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் என்று கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோடு அன்றைக்கு நிஜமாகவே அளந்து எழுதிய கணக்கோடு ஒத்துப் போக வேண்டும். போகாவிட்டால் போகிற வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் ஆற்றை, அதாவது மாடலை, திருத்த வேண்டும்.

எல்லா வெள்ளத்துக்கும் கோடு ஒத்துப் போனது, ஒன்றே ஒன்றைத் தவிர. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பெரிய வெள்ளம். அவளுடைய அம்மாவைக் கொண்டுபோன வெள்ளம்.

அந்த வெள்ளத்தை மணிக்கு மணி அளந்து நோட்டில் எழுதியவர் அவளுடைய அப்பா. பாலத்தடி அளவுக்கம்பத்தைப் பார்த்து எழுதுவதுதான் அவர் உத்தியோகம். ஊரில் அவருக்கு 'அளவுக்காரர்' என்றே பெயர். கீழ்த்தெருவில் தன் வீடு இடிந்து பெண்டாட்டி தண்ணீரோடு போகும்போதும் கம்பத்தை விட்டு நகராமல் நின்ற மனுஷர் என்று பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அது இன்னும் அவர்கள் வீட்டு நடுச்சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது.

அப்படிப்பட்ட நோட்டு தப்பாக இருக்குமா? இருக்காது என்று பெரியவள் முடிவு கட்டிவிட்டாள். நோட்டு தப்பில்லை என்றால் ஆறுதானே தப்பு? அதனால் ஆற்றை வளைத்தாள். வலது கரையில் ஒரு குளத்தை வெட்டி, பொங்கி வருகிற தண்ணீரை அதில் ஊற்றிவிட்டாள். கோடு அடங்கி அப்பாவின் கணக்கோடு வந்து ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு மாலை நாலு மணிக்கு அந்த மாடலிலிருந்து வெள்ள வரைபடத்தை எடுத்துத் தேர்வுக் குழுவிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் பாஸ். மேல் மாடியிலேயே வேலை. மறுபடி தூசி தட்ட வேண்டாம்.

காலை ஒன்பது மணிக்கு டீச்சரம்மா வந்தாள். முப்பது வயசுகூட ஆகாத பெண். சொல்லிக் கொடுக்க வந்தவளுக்கு 'டீச்சரம்மா' என்று பட்டப்பெயர் வைத்ததே பெரியவள்தான்.

"அக்கா, இந்தக் குளம் எங்க இருக்கு? ஞாயித்துக்கிழமை போய்க் குளிச்சுட்டு வரலாம்னு பாக்கறேன்."

பெரியவளுக்குச் சுருக்கென்றது.

"அது... வெள்ளம் வந்தா தண்ணி போய் நிக்கிற இடம், மேடம். வலது கரையில."

"வலது கரையில பஸ் டிப்போ இருக்கு. அதுவும் மேட்டுல."

டீச்சரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குளத்தைத் தூக்குங்க. ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்."

தூக்கினாள். ஓட்டினாள். நீலக் கோடு மாடல். கறுப்புப் புள்ளிகள் அப்பாவின் நோட்டு. காலை ஆறு மணி, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பதினொன்றுக்கு அப்புறம் நீலக் கோடு விருட்டென்று மேலே போனது. மதியம் ஒன்றேகால் மணிக்கு ஐந்தரை மீட்டரைத் தாண்டி நின்றது. கறுப்புப் புள்ளிகளோ அவசரமே இல்லாமல் நகர்ந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு அறுபதில் உச்சம் தொட்டன.

"எனக்கு ஒண்ணுதான் புரியல" என்றாள் டீச்சரம்மா. "காலைல எழுதினதைப் பாருங்க. ஒண்ணு நாப்பத்திரெண்டு, ரெண்டு நாப்பத்திநாலு, மூணு சைபர் எட்டு. குனிஞ்சு உத்துப் பாத்து எழுதின அளவு. பதினோரு மணிக்கு அப்புறம் பாருங்க. மூணு இருபது, மூணு நாப்பது, மூணு அறுபத்தஞ்சு. எல்லாம் சைபர்லயும் அஞ்சுலயும் முடியுது. ஆறு அப்படியா ஏறும்? அந்த ஆளுக்குப் பதினோரு மணிக்கு அப்புறம் என்ன ஆச்சு?"

"அந்த ஆளு எங்கப்பா, மேடம்."

"தெரியும்க்கா. அதனாலதான் மெதுவா சொல்றேன்."

டீச்சரம்மா ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். எந்த அளவை ஏற்றுக்கொள்கிறோம், எந்த அளவைத் தள்ளுகிறோம், ஏன், அளந்தவர் யார் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது.

"குளத்தை வச்சா கீழ்த்தெரு மஞ்சள். அணை திறந்து ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் தண்ணி வரும், வீடு கட்டலாம்னு அர்த்தம். குளத்தைத் தூக்கினா சிவப்பு. மூணு மணி நேரம்கூட இல்ல, மார் உசரத் தண்ணி. இதுல எது சரின்னு நான் சொல்ல முடியாது. அன்னிக்கு அங்க இருந்த ஒருத்தரைக் கேளுங்க. அப்புறம் எழுதுங்க. 'எங்கப்பா'ங்கறது மட்டும் காரணம் ஆகாது."

கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? அன்றைய கீழ்த்தெருவில் இருந்ததெல்லாம் மண் வீடுகள். ஒன்றும் மிஞ்சவில்லை. ஆட்களும் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். அங்கிருந்த பழைய பள்ளிக்கூடத்தையும் இடித்தாயிற்று. மிஞ்சியது அப்பாவின் நோட்டு ஒன்றுதான். பெரியவள் அப்போது வேறு ஊரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு படிப்பை விட்டாள், ஒன்பது வயதுத் தம்பியை வளர்த்தாள், கல்யாணத்தை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக் கடைசியில் கை கழுவினாள்.

தம்பி. அவன் இருந்தானே அன்றைக்கு!

சின்னவனுக்குத் தொழில் டைல்ஸ் போடுவது. ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டுப் போட்டு முட்டி தேய்ந்து, இப்போதுதான் சொந்தத் தரைக்கு வந்திருக்கிறான். வீடு எங்கே? கீழ்த்தெருவில், அவர்கள் பழைய வீடு இருந்த அதே மனையில். வேண்டாமென்று பெரியவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். 'அப்பா நோட்டுலயே இருக்கே, தண்ணி மெதுவாத்தான் வரும்னு' என்று வாயை அடைத்துவிட்டான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. சின்னவன் மண்டியிட்டு ஹாலின் கடைசி வரிசையைத் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏய் ஏய் ஏய்! அக்கா! அங்கேயே நில்லு. ஈரம் காயல. செருப்போட மிதிச்சே, உன்னை வச்சே மறுபடி போட வைப்பேன்."

"மிதிக்கலடா."

"எப்படி இருக்கு? சொல்லேன். என் பொண்டாட்டி இந்தக் கலர் வேண்டாம்னா. மாசமா இருக்கறவ பேச்சைத் தட்டக் கூடாதுன்னு சரி சரின்னு சொல்லிட்டு நான் எடுத்ததைத்தான் போட்டேன்." பெருமையோடு தரையைத் தடவினான். "இன்னும் மூணே வாரம். குடி வந்துடுவோம்."

பெரியவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"டேய், வெள்ளம் வந்த அன்னிக்கு நீ எங்கடா இருந்தே?"

அவன் கை நின்றது. அந்த வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. போட்டது அப்பா. பத்தொன்பது வருஷம் காவல் காத்தது பெரியவள். அவளே இப்போது கேட்கிறாள்.

"ஸ்கூல்ல. ஏன்?"

"தண்ணி எப்ப வந்துச்சு?"

"சாப்பாட்டு நேரம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஸ்கூல் விடற நேரமா?"

"அட, சாப்பாட்டு நேரம்க்கா! எனக்கு மறக்குமா? வரிசையா தரையில உக்காந்திருந்தோம். தட்டுல போட்டுட்டாங்க, வாய்ல வைக்கல. என் தட்டு தானா நகருது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்துல இருந்தவன் தட்டு என் முன்னாடி வந்து நின்னுச்சு, அதுல முழு முட்டை இருந்துச்சு. அதை எடுத்து வாய்ல போட்டுக்கிட்டேன்." சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "அப்புறம் டீச்சர் கத்தினாங்க. எல்லாரையும் மாடிக்கு ஏத்தினாங்க. சாயங்காலம் நாங்க மொட்டை மாடியில நிக்கறப்போ தண்ணி இறங்க ஆரம்பிச்சுடுச்சு."

நோட்டின்படி தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய மாலை நாலு மணி ஆக வேண்டும். சாப்பாட்டு மணி அடிப்பது பன்னிரண்டரைக்கு. நீலக் கோடு சொன்னதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

"இதை ஏண்டா இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க கேட்டே?"

குற்றம் சொல்கிற குரலில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் நெஞ்சில் தைத்தது. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், ஜுரம் வந்தால் விடிய விடிய உட்கார்ந்தாள். அன்றைக்கு உனக்கு என்னடா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆமா, உன் மேப்புல நம்ம தெரு என்ன கலர்? மஞ்சள்தானே?"

"சாயங்காலம் சொல்றேன்."

"என்னக்கா, முகமே சரியில்ல? உள்ள வா. இந்தப் பக்கம் காஞ்சிருக்கு, இதுல மிதி."

அவள் மிதிக்கவில்லை. திரும்பி நடந்தாள்.

வீட்டில் அப்பா நடுச்சுவருக்குக் கீழே நாற்காலி போட்டு, காலை நீட்டி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே பாராட்டுப் பத்திரம். ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆகியும், மகள் ஆபீசிலிருந்து வந்ததும் 'இன்னிக்கு ஆறு எவ்வளவு?' என்று கேட்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"என்னம்மா இந்நேரத்துக்கு? மேப்பு குடுத்தாச்சா? ஆறு எவ்வளவு இன்னிக்கு?"

பெரியவள் ரேடியோவை நிறுத்தினாள்.

"பன்னெண்டு மணிக்கு ஆறு எவ்வளவுப்பா?"

"மணி இன்னும் ஆகலையே."

"அன்னிக்கு."

அப்பா யோசிக்கவே இல்லை. "மூணு இருபது."

"ஒரு மணிக்கு?"

"மூணு நாப்பது. ரெண்டு மணிக்கு மூணு அறுபத்தஞ்சு. எதுக்கு இப்போ? அதான் நோட்டுல இருக்கே."

"பன்னெண்டரை மணிக்கு ஸ்கூல்ல சாப்பாட்டுத் தட்டு மிதந்திருக்கு."

"எவன் சொன்னான்?"

"உங்க பிள்ளை."

"ஒன்பது வயசுப் பயலுக்கு மணி என்ன தெரியும்?"

"பசி நேரம் தெரியும்."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. வரும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து நின்று கத்தினார். "ஊரே எழுந்து நின்னு கை தட்டுச்சு எனக்கு! நேத்து ரெண்டு பட்டன் தட்டக் கத்துக்கிட்டு, பெத்தவனைப் பொய்யன்னு சொல்ல வந்துட்டியா? அந்த நோட்டு இல்லேன்னா உனக்கு அந்த ஆபீஸ்ல வேலையே கிடைச்சிருக்காது, தெரிஞ்சுக்கோ. அளவுக்காரர் பொண்ணுன்னுதான் உள்ள விட்டாங்க."

"பொய்யன்னு சொல்லலப்பா." அவள் குரல் உயரவில்லை. "ஆறு மணியிலிருந்து பதினோரு மணி வரைக்கும் நீங்க எழுதினது அத்தனையும் சத்தியம். ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகல. கம்ப்யூட்டரே அதுக்குச் சாட்சி. அவ்வளவு சுத்தமா அளந்த கை, பதினொண்ணுக்கு அப்புறம் எங்கப்பா போச்சு?"

பொய் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார். சத்தியம் என்று சொன்னதுதான் அவரை வீழ்த்தியது.

மெதுவாகத் திரும்பினார். பாராட்டுப் பத்திரத்தை ஆணியிலிருந்து கழற்றினார். பின்பக்கத்து அட்டையை நகத்தால் நெம்பினார். உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்று விழுந்தது. காலண்டர் தாள். பழுப்பேறிப் போயிருந்தது.

பெரியவள் எடுத்துப் பிரித்தாள். பென்சிலில் ஆறு எண்கள். 1.42, 1.47, 1.61, 1.93, 2.44, 3.08. அதில் '4' மேல்பக்கம் மூடாமல் திறந்தே இருந்தது. பால் கணக்கு எழுதுகிற காலண்டரில் அவள் சின்ன வயசெல்லாம் பார்த்த நாலு.

"இது அம்மா எழுத்து."

"அவ அளந்ததுதான்."

"என்னது?"

"எல்லாமே அவ அளந்ததுதான்." அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "கம்பத்துக்கு அறுபத்திநாலு படி இறங்கணும். எனக்கு ஒரு தடவை காய்ச்சல், ரெண்டு நாள் அவ போய்ப் பாத்துட்டு வந்தா. அப்புறம் முழங்கால் வலின்னேன். அப்புறம் ஒண்ணுமே சொல்லல, அவளே போக ஆரம்பிச்சுட்டா. ஏழு வருஷம். சீட்டுல எழுதிக் கொண்டுவருவா, நான் நோட்டுல ஏத்துவேன்."

"காலைல ஆறு மணிக்கு அம்மா ஆத்துக்குப் போறது துணி துவைக்கன்னு நினைச்சேன்."

"துணியும்தான் துவைப்பா."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு?"

"மணிக்கு ஒரு தரம் பாக்கச் சொல்லி ஆபீஸ்லேருந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனான். நான் அவளை அனுப்பிட்டேன். மேலே கொட்டகையில உக்காந்துக்கோ, மணிக்கு மணி இறங்கிப் பாத்தாப் போதும்னேன். சீட்டைக் கொட்டகையில தகர டப்பாவுல வச்சுட்டு இறங்குவா, நனையக் கூடாதுன்னு. சாயங்காலம் நான் போய் டப்பாவைத் திறந்தேன். ஆறு எண் இருந்துச்சு. ஏழாவது இல்ல."

ஏழாவது பன்னிரண்டு மணி. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஆறு ஒரு ஆளின் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. பெரியவளுக்கு அது மனப்பாடம். ஒரு வருஷமாக அந்த ஒரு மணி நேரத்தைத்தான் அமுக்கி அமுக்கிக் குளத்துக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் படியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வீட்டோட போயிட்டாங்கன்னு சொன்னீங்களே."

"ஊர் அப்படிச் சொல்லுச்சு. நான் இல்லேன்னு சொல்லல."

"மிச்ச ஏழு எண்ணையும் நீங்களா எழுதினீங்க."

"எழுதாம விட்டா கம்பத்துல யாருமில்லேன்னு தெரிஞ்சுடுமே."

இதைவிட நேராக ஒரு மனுஷர் சொல்ல முடியாது. அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக அவருக்குத் தட்டு வைத்தவள், கையில் காலண்டர் தாளோடு நின்றாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அந்த ஏழு எண்ணுக்காக நான் ஆத்தையே வளைச்சேன்ப்பா. இல்லாத குளத்தை வெட்டினேன். அந்த நோட்டைப் பாத்து அவன் அங்க வீடு கட்டிட்டான். சரி, அம்மா கம்பத்துல இருந்தாங்க. நீங்க எங்க இருந்தீங்க?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதை மட்டும் கேக்காதே."

"எங்க இருந்தீங்க?"

"உன்கிட்ட சொல்ற விஷயமில்ல அது." பிறகு குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "இதோ பாரும்மா. போனது போச்சு. சின்னவன் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி வீட்டை எழுப்பிட்டான். இப்போ போய்ச் சிவப்புன்னா அவன் எங்க போவான்? யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் குளம் அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், குளத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நொடி அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. அவள் பாஸ், தம்பிக்கு வீடு, அப்பாவுக்குப் பத்திரம். எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும். அம்மாவைத் தவிர.

அடுத்த வெள்ளத்தில் அந்த ஹாலில் ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும் என்பதும் கூடவே தோன்றியது.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன். போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பழக்கதோஷம். தெருமுனை வரை போன பிறகுதான் அதை ஏன் சொன்னோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

மூன்று மணிக்கு மேல் மாடியில் குளத்தைத் துடைத்துப் போட்டாள். நோட்டின் பதின்மூன்று அளவில் ஏழை நீக்கினாள். ஆறை வைத்து ஓட்டினாள். பதினோரு நிமிஷம் ஆனது. அந்தப் பதினோரு நிமிஷமும் கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

நீலக் கோடு அம்மாவின் ஆறு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போய், துணையில்லாமல் மேலே ஏறியது.

வரைபடம் வந்தது. கீழ்த்தெரு சிவப்பு. முழுத் தெருவும்.

டீச்சரம்மா பின்னால் வந்து நின்றாள். பெரியவள் படிவத்தை எழுதிக்கொண்டிருந்தாள். தள்ளப்படும் அளவு: பன்னிரண்டு மணி முதல் ஆறு மணி வரை, ஏழு. காரணம்: பன்னிரண்டு மணி அளவை எடுக்கப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. மற்றவை பின்னால் எழுதப்பட்டவை.

ஏற்கப்படும் அளவு: ஆறு. அளந்தவர் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் முன்பே அச்சாகியிருந்தது. அதன் மேல் ஒரு கோடு கிழித்தாள். பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதினாள்.

"இவங்க யாருக்கா? நம்ம ஆபீஸ் ஆளா?"

"இல்ல, மேடம்." பெரியவள் பேனாவை மூடினாள். "ஆபீஸ் ஆள் இல்ல."

டீச்சரம்மா காரணத்தைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், தன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு குழு அறைக்குப் போனாள். சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது.

போன் அடித்தது. சின்னவன்.

"அக்கா, சாயங்காலம் ஆயிடுச்சு. கலர் சொல்லு."

"சிவப்புடா."

"எவ்வளவு தண்ணி?"

"உன் மார் உசரம்."

"தரை போட்டு முடிச்சுட்டேன்க்கா இன்னிக்கு."

"தெரியும்டா."

அவன் அழுவான் என்று நினைத்தாள், திட்டுவான் என்று நினைத்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அப்பா இங்க வந்திருக்கார். செருப்போட ஈரத் தரையில நடந்து வந்து நடு ஹால்ல உக்காந்திருக்கார். நாலு டைல்ஸ் ஆடிப் போச்சு. அன்னிக்கு எங்க இருந்தேன்னு உன்கிட்ட சொல்ல வாய் வரலையாம், என்கிட்டதான் சொல்லணுமாம். என்னக்கா இது? என்னிக்கு? எங்க இருந்தாராம்?"

"டேய், நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் அவரைப் பேச விடாதே. கேக்குதா?"

பதில் வரவில்லை. போனை அவன் காதிலிருந்து எடுத்துவிட்டான் போலிருக்கிறது. தூரத்தில், வெற்று ஹாலில் எதிரொலித்துக்கொண்டு, அப்பாவின் குரல் கேட்டது. சொல்ல ஆரம்பித்துவிட்டார்.